சதுரங்கப் புதிரை நிதானமாக யோசிப்பவர்களுக்காகவும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் சதுரங்கப் புதிரைப் பற்றி எழுதுகிறோம். புதிர்களின் தேர்வில் எங்களுக்குக் குறையில்லை. அவற்றை அச்சிடும் முறையில் சில மாற்றங்கள் செய்தால், சதுரங்கத்தைப் புதிதாகக் கற்றுக்கொண்டு மெதுவாக யோசித்து ஆடும் வாசகர்களுக்கு அதைவிட நல்ல பயிற்சி வேறு இருக்காது. அப்படிப்பட்டவர்களுக்குச் சொல்லித்தருகிறவர்கள் என்ற முறையில் காரணங்களையும் சேர்த்தே சொல்கிறோம்.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் தம் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனதிலிருந்து, பெங்களூருவில் அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் மட்டுமின்றி, அவர்களை வகுப்புக்கு அழைத்து வரும் அம்மாக்களும் தாத்தாக்களும்கூட ஆட உட்கார்கிறார்கள். இவர்களில் பலர் நிதானமானவர்கள். காயைத் தொடுவதற்கு முன் நாலு பக்கமும் பார்ப்பவர்கள். இவர்கள் காதில் முதலில் விழும் அறிவுரை, ‘மொபைலில் தினமும் ஐம்பது, நூறு பஸில் போடுங்கள், தானாக வந்துவிடும்’ என்பது. அதை நம்பி மெஜஸ்டிக் போகிற மெட்ரோவில் நின்றுகொண்டே விரலால் தட்டிப் பார்க்கிறார்கள். சில வாரங்களில் மதிப்பெண் ஏறாமல் நின்றுவிடுகிறது. ‘நமக்கு அந்த வேக மூளை இல்லை’ என்று விட்டுவிடுகிறார்கள். தவறு அந்த அறிவுரையில் இருக்கிறது.

மொபைல் புதிர்களில் வேகத்துக்காகவே அமைந்த பந்தயங்கள் உண்டு. லிச்செஸ் என்ற சதுரங்க இணையதளத்தின் ‘பஸில் ஸ்டார்ம்’ மூன்று நிமிடக் கடிகாரத்தோடு தொடங்கும். தவறாக ஆடினால் பத்து வினாடி போகும். ஏற்கெனவே பல வடிவங்களை மனத்தில் வைத்திருப்பவர்களுக்கு அது நல்ல உடற்பயிற்சி. வடிவமே இன்னும் பதியாதவருக்கு அது ஊகிக்கும் பழக்கத்தைத்தான் ஊட்டும். கடிகாரம் இல்லாத சாதாரணப் புதிரிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. நீங்கள் முதல் நகர்வை ஊகித்து ஆடியதும், சரியாக இருந்தால் எதிராளியின் பதிலை மென்பொருளே ஆடிக் காட்டிவிடும். பிறகு பலகை பாதி தெளிந்துவிடும். இரண்டாவது நகர்வு கண்ணுக்கே தெரியும். மதிப்பெண் கூடும். ஆனால் புதிரின் கடினமான பகுதி, அதாவது எதிராளி என்ன ஆடுவார் என்று மனத்துக்குள் பார்ப்பது, நடக்கவே இல்லை. நேரில் ஆடும்போது அதுதான் தேவைப்படுகிறது.

காகிதத்தில் அச்சான புதிர் எதையும் ஆடிக் காட்டாது. கடைசி வரை நாமே பார்க்க வேண்டும். அதனால்தான் நாளிதழில் வரும் புதிரை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறோம்.

நிதானமானவர் ஒரு புதிரை எடுத்தால் முதல் ஒரு நிமிடம் தீர்வைத் தேடவே கூடாது. பலகையைப் படிக்க வேண்டும். இரு பக்கமும் என்னென்ன காய்கள், யார் எவ்வளவு முன்னால் என்று எண்ண வேண்டும் (சிப்பாய் 1, குதிரையும் பிஷப்பும் 3, யானை 5, ராணி 9). இரண்டு ராஜாக்களும் எங்கே, அவர்கள் ஒதுங்க எந்தக் கட்டம் காலி என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு, எதிராளியின் காய்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, ‘இதைக் காப்பது எது?’ என்று வாய்விட்டே சொல்ல வேண்டும். காவல் இல்லாத காய், ஒரே ஒரு காவல் உள்ள காய், இரண்டு வேலையை ஒருசேரச் சுமக்கும் காய் ஆகிய மூன்றும்தான் பெரும்பாலான புதிர்களின் கரு. இதைச் செய்துவிட்டால் பாதிப் புதிர்களில் தீர்வு தானே எழுந்து நிற்கும்.

அடுத்து, எதிராளி இப்போது என்ன மிரட்டுகிறார் என்ற கேள்வி. புதிரில் நாம்தான் ஆடப்போகிறோம் என்பதால் இதை எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். நம்முடைய அழகான இரண்டு நகர்வுத் திட்டத்தின் நடுவில் அவர் ஒரு செக் (ராஜாவைத் தாக்கும் நகர்வு) வைத்தால் திட்டம் கலைந்துவிடும்.

இதற்கெல்லாம் பிறகுதான் தேடல். முதலில் செக்குகள் அனைத்தும், அபத்தமாகத் தெரிபவையும் சேர்த்து. பிறகு வெட்டுகள். கடைசியில் மிரட்டல்கள். வரிசை இப்படி இருப்பதற்குக் காரணம், செக் வைத்தால் எதிராளிக்கு இருக்கும் பதில்கள் மிகக் குறைவு. ஒன்றோ இரண்டோ மட்டுமே பார்த்தால் போதும். வெட்டினால் சற்று அதிகம். மிரட்டினால் எத்தனையோ. ஆகவே கணக்குப் போட எளிதானதிலிருந்து தொடங்குகிறோம். வேகமானவர் இரண்டு செக்கைப் பார்த்துவிட்டு மூன்றாவதைக் கவனிக்காமல் போவார். நிதானமானவர் மூன்றையும் பார்ப்பார். நிதானம் இங்கே முழு லாபம்.

ஒரு நகர்வு பிடிபட்டதும் அதை ஆடாமல், ஒரு நோட்டில் எழுத வேண்டும். நம் நகர்வு, எதிராளியின் பதில், மீண்டும் நம் நகர்வு என்று, வெட்டோ செக்கோ மிச்சமில்லாத அமைதியான நிலை வரும் வரை. எதிராளியின் பதில் என்று எழுதும்போது நமக்கு வசதியானதை எழுதிவிடுவது மனித இயல்பு. அங்கே நின்று, ‘அவர் இடத்தில் நான் இருந்தால் எதை ஆடி இதைக் கெடுப்பேன்?’ என்று தேடுவதுதான் புதிர்ப் பயிற்சியின் உயிர். எழுதிய பிறகே விடையைப் பார்க்கலாம். முதல் நகர்வு சரி, ஆனால் எதிராளியின் சிறந்த பதிலை எழுதவில்லை என்றால் அந்தப் புதிருக்குப் பாதி மதிப்பெண் மட்டும் போட்டுக்கொள்வது நல்லது.

ஓர் எளிய நிலையை எடுத்துக்கொள்வோம் (கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசையையும் எண் கிடைவரிசையையும் குறிக்கும்). வெள்ளையில் ராஜா ஜி1, யானைகள் டி1, டி2, சிப்பாய்கள் எஃப்2, ஜி2, ஹெச்2. கறுப்பில் ராஜா ஜி8, யானை ஏ8, சிப்பாய்கள் எஃப்7, ஜி7, ஹெச்7. வெள்ளை ஆட வேண்டும். டி2 யானை டி8-க்குப் போய் செக். கறுப்பு யானை அதை வெட்டும். டி1 யானை திரும்ப வெட்டினால் மேட் (ராஜா தப்பவே முடியாத செக்). தாக்குபவை இரண்டு, காப்பது ஒன்று. இது எல்லோருக்கும் தெரியும். இப்போது இதே படத்தில் கறுப்புக்கு இ7-இல் ஒரு பிஷப்பைச் சேருங்கள். அதுவும் டி8-ஐக் காக்கிறது. அதே நகர்வை ஆடினால் வெள்ளை இரண்டு யானைகளையும் கொடுத்து ஒரு யானையை மட்டும் வாங்கும். பிஷப்பை எடுத்துவிட்டு, ஹெச்7 சிப்பாயை ஹெச்6-இல் வையுங்கள். இப்போது கடைசி செக்குக்கு ராஜா ஹெச்7-க்கு நகர்ந்துவிடும். நடந்தது யானைக்கு யானை மாற்றம், அவ்வளவே.

ஒரு புதிரைக் கண்டுபிடித்ததும் அடுத்ததற்குத் தாவாமல், ஒரே ஒரு காயை இடம் மாற்றி ‘இப்போதும் செல்லுமா?’ என்று கேட்பதை எங்கள் மாணவர்களிடம் வற்புறுத்துகிறோம். ஐந்து புதிரை இப்படிச் செய்தவர், ஐம்பதைத் தட்டியவரைவிட அதிகம் கற்றிருப்பார். ஏனென்றால் வடிவத்தோடு, அது எப்போது செல்லாது என்பதும் சேர்ந்து பதிகிறது.

இதற்கு இன்னும் நல்ல எடுத்துக்காட்டு, லெகால் மேட் என்று அறியப்படும் 18ஆம் நூற்றாண்டுப் பொறி. பலகையை எடுத்து வைத்துக்கொண்டு ஆடிப் பாருங்கள். வெள்ளை இ4, கறுப்பு இ5. வெள்ளைக் குதிரை எஃப்3, கறுப்பு டி6. வெள்ளை பிஷப் சி4, கறுப்பு பிஷப் ஜி4. வெள்ளைக் குதிரை சி3, கறுப்புச் சிப்பாய் ஜி6. எஃப்3 குதிரைக்குப் பின்னால் ராணி இருப்பதால் அது கட்டுண்டு கிடப்பதாகத் தோன்றும். ஆனாலும் வெள்ளை அந்தக் குதிரையால் இ5 சிப்பாயை வெட்டலாம். கறுப்பு ஆசைப்பட்டு ராணியை வெட்டினால், வெள்ளை பிஷப் எஃப்7-இல் வெட்டி செக். ராஜா இ7-க்குத்தான் போக முடியும். சி3 குதிரை டி5-க்கு வந்தால் மேட்.

இதை ஒரு முறை பார்த்தவர், எங்கே குதிரை கட்டுண்டாலும் இ5-ஐ வெட்டத் துடிப்பார். கறுப்பு ஜி6-க்குப் பதிலாகக் குதிரையைச் சி6-இல் வைத்திருந்தால் என்ன ஆகும்? இ5-இல் வெட்டிய குதிரையைக் கறுப்புக் குதிரை திரும்ப வெட்டும். வெள்ளை ராணி ஜி4 பிஷப்பை வெட்ட முடியாது, இ5-இல் வந்து நின்ற குதிரை அதைக் காக்கிறது. வெள்ளைக்கு ஒரு சிப்பாய்க்காக ஒரு குதிரை நட்டம். சரி, வெள்ளை முதலில் ஹெச்3 ஆடி பிஷப்பை ஹெச்5-க்குப் பின்வாங்க வைத்து, பிறகு குதிரையைச் சி3-க்கும் கறுப்பு குதிரையைச் சி6-க்கும் கொண்டுவந்திருந்தால்? இப்போது இ5 வெட்டு மறுபடி செல்லும். கறுப்புக் குதிரை திரும்ப வெட்டினாலும், வெள்ளை ராணி ஹெச்5 பிஷப்பை எடுத்துக்கொள்ளும். அந்தக் கட்டத்தை இ5 குதிரையால் காக்க முடியாது. கறுப்பு சி4 பிஷப்பை வெட்டினால், ராணி பி5-இல் செக் வைத்து அந்தக் குதிரையையும் எடுக்கும். முடிவில் வெள்ளைக்கு ஒரு சிப்பாய் மிச்சம். பிஷப் ஜி4-இல் நிற்கிறதா ஹெச்5-இல் நிற்கிறதா என்ற ஒரே கட்ட வித்தியாசத்தில் தீர்வு தவறாகவும் சரியாகவும் மாறுகிறது. மூன்று வினாடியில் தட்டுகிறவர் கண்ணுக்கு மூன்று படமும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

புதிரின் கடினம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில்தான் பலர் தங்களைத் தாங்களே வருத்திக்கொள்கிறார்கள். பத்தில் எட்டு சரியாக வரும் அளவே தொடக்கத்தில் சரியான அளவு. ஐந்துக்கும் கீழே போனால் அது பயிற்சி இல்லை, சோர்வு. லிச்செஸில் புதிருக்கான மதிப்பெண் 1500-இல் தொடங்குகிறது. புதியவருக்கு அது உயரம் என்பதால் முதல் சில நாள் தவறாக வந்து மதிப்பெண் சரியும். பதற வேண்டாம், தன் இடத்துக்கு வந்து நிற்கும். அங்கே கடின அளவைக் குறைத்து வைக்கவும் வழி உண்டு: ஒரு படி இறக்கினால் நம் மதிப்பெண்ணைவிட 300 புள்ளி குறைந்த புதிர்கள், இரண்டு படி இறக்கினால் 600 குறைந்தவை. முதல் மாதம் இரண்டு படி இறக்கியே வைத்துக்கொள்ளலாம். அந்தத் தளத்தின் சாதாரணப் புதிர்களில் எவ்வளவு நேரம் எடுத்தாலும் மதிப்பெண்ணில் மாற்றமில்லை. ஒரு புதிருக்கு ஆறு நிமிடம் யோசிப்பவருக்கும் ஆறு வினாடி யோசிப்பவருக்கும் ஒரே கணக்கு. இது தெரியாமலே பலர் அவசரப்படுகிறார்கள்.

நேரத்துக்கு ஓர் எல்லை இருக்கட்டும். ஒரு புதிருக்குப் பத்து நிமிடம். அதற்குள் ஒன்றும் தோன்றவில்லை என்றால் முதல் நகர்வை மட்டும் பார்த்துவிட்டு மீதியைத் தானே கண்டுபிடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு 20 முதல் 30 நிமிடம், ஐந்து முதல் எட்டுப் புதிர் போதும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்து மற்ற நாள்களில் விட்டுவிடுவதில் பயன் குறைவு.

தலைப்பு வாரியாகப் பழகுவதா, கலந்து பழகுவதா என்றும் கேட்கிறார்கள். முதலில் தலைப்பு வாரியாக: ஒரு நகர்வில் மேட், காவலில்லாத காய், ஃபோர்க் (ஒரே காய் இரண்டை ஒருசேரத் தாக்குவது), ‘பின்’ (பின்னால் உள்ள பெரிய காய்க்காக முன்னால் உள்ளது கட்டுண்டு நிற்பது), ஸ்கூவர் (முன்னால் உள்ள பெரிய காய் விலகியதும் பின்னால் உள்ளதை வெட்டுவது), மறைந்திருந்து வெளிப்படும் தாக்குதல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம். பிறகு கட்டாயம் கலக்க வேண்டும். ‘இது ஃபோர்க் புதிர்’ என்று தெரிந்தால் குதிரையை மட்டும்தான் கண் தேடும். ஆட்டத்தில் எவரும் தோளில் தட்டி ‘இப்போது ஒரு ஃபோர்க் இருக்கிறது’ என்று சொல்வதில்லை.

தவறுகளுக்கு ஒரு தனிப் பக்கம் வேண்டும். ‘தவறு’ என்று மட்டும் எழுதினால் பயனில்லை. எந்த வகைத் தவறு என்று எழுத வேண்டும். சரியான நகர்வு நினைவுக்கே வரவில்லையா? அப்படியென்றால் அந்த வடிவம் இன்னும் பதியவில்லை. அதே தலைப்பில் எளிய புதிர்கள் இருபது தேவை. நகர்வு தெரிந்தும் எதிராளியின் பதிலைக் காணவில்லையா? குதிரையைச் சி7-இல் வைத்து இ8 ராஜாவையும் ஏ8 யானையையும் ஒருசேரத் தாக்கும் ஃபோர்க்கில் இது அடிக்கடி நடக்கும். டி8-இல் நிற்கும் ராணி சி7-ஐக் காப்பது கண்ணில் படாது. காப்பவற்றை எண்ணும் பழக்கம் இன்னும் வரவில்லை என்று பொருள். ஒரு நகர்வு முன்னதாகவே கணக்கை நிறுத்திவிட்டீர்களா? கடைசி நிலையில் இன்னும் ஒரு வெட்டு மிச்சமிருந்ததா என்று பார்க்கும் வழக்கம் வேண்டும்.

நான்காவது வகை பெரியவர்களுக்கே அதிகம். மனத்துக்குள் நகர்த்திய காய் பழைய இடத்திலேயே நிற்பதாகத் தோன்றும். இல்லாத பிஷப் இன்னும் காப்பதாக எண்ணி நல்ல நகர்வைக் கைவிடுவார்கள், அல்லது வெட்டுப்பட்ட சிப்பாய் வழியை மறைப்பதாக நினைப்பார்கள். இதற்கு மருந்து மரப்பலகையோ சுருட்டி வைக்கும் விரிப்போ வாங்கி, காய்களை உண்மையாக அடுக்கி, தொடாமல் கணக்குப் போட்டு, பிறகு ஆடிச் சரிபார்ப்பது. ஆறு அங்குலத் திரையில் இது வராது. கறுப்புப் பக்கத்திலிருந்து பார்க்கும் புதிர்களில் சிப்பாய் எந்தத் திசையில் போகிறது என்று குழம்புவதும் பலகையில் அடுக்கினால் தானே போய்விடும்.

செய்த புதிரை மறுபடி செய்வதை வீண் என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் கருத்தில் அதைப்போல் பலன் தருவது வேறில்லை. அறுபது புதிர்களைத் தேர்ந்து, மூன்று வாரத்தில் முடித்து, ஒரு வாரம் விட்டு, அதே அறுபதை மறுபடியும், பிறகு மூன்றாம் முறையும் செய்ய வேண்டும். வாய்ப்பாட்டை ஒப்பிப்பதுபோல மூன்றாம் சுற்றில் பல புதிர்கள் பார்த்ததுமே தெரியும். வேகம் என்று நாம் வியப்பது இப்படிச் சேர்ந்ததுதான். 1973-இல் உளவியல் ஆய்வாளர்கள் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் வெளியிட்ட ஆய்வில், உண்மையான ஆட்டத்தின் நிலையை ஐந்து வினாடி காட்டினால் மாஸ்டர் (தேர்ந்த ஆட்டக்காரர்) பெரும்பாலான காய்களைத் திரும்ப அடுக்கினார். காய்களைக் கண்டபடி சிதறி வைத்துக் காட்டியபோது அவர் தொடக்கநிலையாளரைவிடப் பெரிதாக மேலாக இல்லை. அவருடைய பலம் பழகிய வடிவங்களின் சேமிப்பில் இருந்தது. அந்தச் சேமிப்பை மெதுவாகச் சேர்த்தாலும் சேரும். மறுசுற்றில் விடை நினைவிருந்தால் அது ஏமாற்று ஆகாது, ஆனால் ‘ஏன்’ என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

புதிர் என்றாலே ராணியைப் பலிகொடுத்து மேட் செய்வது என்ற எண்ணமும் பரவியிருக்கிறது. குகேஷுக்குப் பட்டம் தந்த, உலகச் சாம்பியன் போட்டியின் பதினான்காவது ஆட்டத்தையே பாருங்கள். 55ஆவது நகர்வில், அதுவரை சாம்பியனாக இருந்த டிங் லிரென் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்தார். கறுப்பில் ஆடிய குகேஷ் யானைகளை மாற்றிக்கொண்டு, தம் பிஷப்பை டி5-இல் வைத்தார். டிங்கின் பிஷப் ஏ8 மூலையில் இருந்ததால் அந்த மாற்றத்திலிருந்தும் அதற்குத் தப்ப வழியில்லை. மிஞ்சியது ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் உள்ள நிலை. அது கறுப்புக்கு வெற்றி. பலி இல்லை, மேட் இல்லை. ‘வெட்டுகளை எல்லாம் பார், கடைசி நிலை வரை பார்’ என்பதற்கு உலகச் சாம்பியன் போட்டியே சான்று.

இனி எங்கள் வேண்டுகோள். புதிரின் அடியிலேயே விடையைத் தலைகீழாக அச்சிடுவதை நிறுத்தி, அடுத்த ஞாயிறு வெளியிடுங்கள். பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும் கண் போய்விடுகிறது. ஒரு வாரம் இருந்தால் ஒரு புதிரை நாலு முறை எடுத்துப் பார்க்கலாம். ‘இரண்டு நகர்வில் மேட்’ என்று எல்லா வாரமும் போடாமல், மாதத்தில் இரண்டு வாரமாவது ‘வெள்ளை ஆட வேண்டும்’ என்று மட்டும் போடுங்கள். அவற்றில் ஒன்று, தாக்குவதற்குப் பதிலாகத் தற்காத்துத் தப்பிக்கும் புதிராக இருக்கட்டும். அத்தகைய புதிர்கள் அச்சில் அரிது, ஆட்டத்தில் ஏராளம்.

படத்தின் அகலம் இப்போது ஒரு பத்தி அளவு. கறுப்புக் கட்டத்தில் நிற்கும் கறுப்புக் காய் மை பரவி அடையாளம் தெரியாமல் போகிறது. இரண்டு பத்தி அகலம் தர முடியாவிட்டால், மேலே நாங்கள் எழுதியதுபோலக் காய்களின் இடத்தைப் படத்தின் கீழே இரண்டு வரியில் கொடுத்துவிடலாம். பலகையில் அடுக்குவோருக்கு அதுவே வசதி. ஓரத்தில் எழுத்தும் எண்ணும் கட்டாயம் வேண்டும். அல்சூர் ஏரிக்கரையில் உள்ள பெங்களூர்த் தமிழ்ச் சங்க நூலகத்தைப் போல நாளிதழ் படிக்க மக்கள் கூடும் இடங்களில், வாரப் புதிரை ஒரு பலகையில் அடுக்கி வைத்தால் நன்றாக இருக்கும் என்று நூலகம் நடத்துவோரையும் கேட்டுக்கொள்கிறோம். பலகையின் பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் போதும்.

விடையை வெளியிடும்போது, சரியான நகர்வை மட்டும் கொடுக்காமல், வாசகர்கள் பெரும்பாலும் ஆட நினைக்கும் தவறான நகர்வு ஒன்றையும், அது எந்தப் பதிலால் உடைகிறது என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். இடம் இல்லையென்றால் புதிரைப் பற்றிய முன்னுரையைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
சதுரங்கம் சொல்லித்தரும் வாசகர்கள் சிலர்,
அல்சூர், பெங்களூரு.